தேய்ந்த பற்சக்கரமும் நாம் மறந்த பாடமும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வகுப்பறைச் சிக்கல்கள் ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இன்று ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி எழுதப் போகிறேன். “வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா?” என்று எண்ணிவிடாமல் இறுதிவரை படிக்குமாறு ஆசிரிய நண்பர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியில் அறிவியல் கழகத்திற்கு நான் பொறுப்பாசிரியர். சென்ற ஆண்டு, புதன்கிழமைப் புறப்பாட நடவடிக்கையின்போது, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தான். உள்ளே தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியால் இயங்கும் டாங்கி ஒன்று இருந்தது. உண்மையான வண்டியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி அது. பிறந்தநாளுக்கு அவனுடைய மாமா வாங்கிக் கொடுத்ததாம்.

“சார், இது நேரா போகவே மாட்டேங்குது. ஒரே இடத்துல வட்டமா சுத்துது. கரகரன்னு சத்தம் வேற. அப்பா தூக்கிப் போடச் சொல்லிட்டாரு.”

உண்மையைச் சொல்வதென்றால், என் வாயிலும் அதே சொல்தான் வரவிருந்தது. பாட நேரம் போதவில்லை, படிவங்கள் நிரப்பி முடியவில்லை, இதில் பொம்மை வேறா? ஆனால் அவன் அதை என் மேசைமேல் வைத்த விதம் என்னைத் தடுத்தது. நோயுற்ற பூனைக்குட்டியைக் கொண்டு வந்தவனைப் போல் நின்றான். “சரி, திறந்து பார்ப்போம்” என்றேன். முதலில் மின்கலத்தைக் கழற்றி வைத்தோம். மின்கலம் இணைந்திருக்கும் எந்தப் பொருளையும் திறக்கக் கூடாது என்பதே அன்றைய முதல் பாடம்.

டாங்கிக்குத் திருப்புவளையம் கிடையாது. அதனுள் இரண்டு மின்னோடிகள் உள்ளன. ஒன்று இடப்பக்கச் சங்கிலிப் பட்டையைச் சுழற்றுகிறது. மற்றொன்று வலப்பக்கத்தைச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் வண்டி நேராகச் செல்லும். ஒன்று நின்றுவிட்டால் வண்டி அந்தப் பக்கமாகவே வட்டமடிக்கும். இதைக் கேட்டவுடன், “அப்படின்னா வலப்பக்கம்தான் கெட்டுப்போயிருக்கு சார்” என்று ஒரு மாணவி கண்டுபிடித்துவிட்டாள். அவள் கணக்குப் பாடத்தில் வாய் திறக்காதவள்.

மின்னோடி மிக வேகமாகச் சுழலும். ஆனால் அதற்கு வலு குறைவு. அந்த வேகத்தைக் குறைத்து வலுவாக மாற்றுவதுதான் பற்சக்கரங்களின் வேலை. 10 பற்கள் கொண்ட சிறிய சக்கரம் 40 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் நான்கில் ஒன்றாகும். திருப்பும் வலு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதே அமைப்பை இன்னொரு முறை அடுக்கினால் வேகம் பதினாறில் ஒன்றாகும். எளிய எந்திரங்கள் என்று அறிவியல் பாடத்தில் படம் காட்டிச் சொல்லும் அதே செய்திதான். படத்தில் பார்த்த மாணவர்களுக்கு அது மறந்துபோயிருந்தது. விரலால் சுழற்றிப் பார்த்தவர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

வலப்பக்கப் பற்சக்கரப் பெட்டியைத் திறந்தோம். பழைய கிரீஸ் கறுத்து மெழுகுபோல் இறுகியிருந்தது. அதற்குள் மணல், தலைமுடி, கம்பள நூல் எல்லாம் சிக்கியிருந்தன. மாவரைப்பதைப்போல் அந்த மணல் பற்களை அரைத்திருக்கிறது. இளஞ்சூடான சவர்க்கார நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவினோம். மண்ணெண்ணெய் போன்றவை சிலவகை நெகிழியைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. கழுவி முடித்ததும் உண்மை தெரிந்தது. நடுவில் இருந்த நெகிழிப் பற்சக்கரத்தில் பற்கள் சுறாமீனின் துடுப்பைப்போல் ஒருபக்கமாகத் தேய்ந்து கூர்மையாகிவிட்டிருந்தன. மூன்று பற்கள் அறவே இல்லை.

புதிய சக்கரம் வாங்க வேண்டும். எந்தச் சக்கரம்? இங்கேதான் எனக்கே வியப்பளித்த கணக்குப் பாடம் தொடங்கியது. பற்சக்கரத்தை வாங்குவதற்குப் பற்களின் எண்ணிக்கையும் துளையின் விட்டமும் மட்டும் போதா. பல்லின் பருமனும் தெரிய வேண்டும். அதை மாடுல் என்று குறிப்பிடுகிறார்கள். சக்கரத்தின் வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாடுல் கிடைக்கும். எங்கள் சக்கரத்தில் உடைந்த பற்களின் இடத்தையும் சேர்த்து எண்ணினால் 30 பற்கள். தேயாத இடதுபக்கப் பெட்டியின் சக்கரத்தை அளந்தோம். வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். 16ஐ 32ஆல் வகுத்தால் 0.5. வகுத்தல் கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள், அன்று தாளும் பென்சிலும் கேட்டு வாங்கிக் கணக்கிட்டார்கள். தவறினால் வாங்கும் சக்கரம் பொருந்தாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விடை தவறினால் சிவப்பு மையில் ஒரு குறி விழுவதற்கும், விடை தவறினால் வண்டி ஓடாமல் நிற்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

மீச்சிறு பொது மடங்கையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கற்பித்தேன். 12 பற்கள் கொண்ட சக்கரம் 36 பற்கள் கொண்ட சக்கரத்தோடு இணைந்தால், சிறிய சக்கரத்தின் ஒரு பல் எப்போதும் பெரிய சக்கரத்தின் அதே மூன்று பற்களைத்தான் தொடும். அந்தப் பல்லில் ஒரு கீறல் இருந்தால் அந்த மூன்று பற்களும் விரைவில் அழியும். 36க்குப் பதிலாக 37 பற்கள் இருந்தால்? 12க்கும் 37க்கும் மீச்சிறு பொது மடங்கு 444. அதாவது சிறிய சக்கரம் 37 முறை சுற்றிய பிறகுதான் அதே இரு பற்கள் மீண்டும் சந்திக்கும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். இருபது ஆண்டுகளாக மீச்சிறு பொது மடங்கைக் கற்பிக்கும் எனக்கு, “இது எதுக்கு சார் படிக்கணும்?” என்ற கேள்விக்கு அன்றுதான் மனநிறைவான விடை கிடைத்தது.

புதிய சக்கரம் இணையக் கடையிலிருந்து வந்து சேர்ந்தது. பொருத்தினோம். டாங்கி பள்ளித் திடலில் நேராக ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பெருமிதத்தோடு வீடு திரும்பினேன்.

ஒரே வாரம்தான். மீண்டும் கரகரவென்ற ஒலி. புதிய சக்கரத்தின் பற்களும் நுனியில் மழுங்கிவிட்டன. அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கிடையில் அவனுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். அவர் லாரிப் பட்டறையில் வேலை செய்பவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சீருடைச் சட்டையில் எண்ணெய்க் கறை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசினார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. என் கை கறுத்தது போதும். என் பிள்ளை படிச்சி ஆபீசுல உக்காரணும்னுதான் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புறேன். நீங்க அவனுக்கு ஸ்குரு கழட்டச் சொல்லிக் குடுக்குறீங்களே!”

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. என் தந்தையும் இதையே சொல்லியிருப்பார். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் ஆசிரியர் பயிற்சிக்குத் தேர்வான நாளில், “இனி நம் குடும்பத்தில் யாரும் கத்தி பிடிக்க வேண்டாம்” என்று அழுதார். தோட்டத்துத் தலைமுறையின் அந்தக் காயத்தை நான் அறிவேன். உடலுழைப்புக்கு இங்கே மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை என்று பட்டறிந்தவர்கள், தம் பிள்ளைகளின் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விரும்பியதில் தவறென்ன இருக்கிறது?

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ஆனால் அவருடைய பார்வை என் மேசைக்குச் சென்றுவிட்டது. திறந்து கிடந்த பற்சக்கரப் பெட்டியை எடுத்தார். அச்சை இரு விரல்களால் பிடித்து மெல்ல அசைத்தார். அசைந்தது.

“கியர் போகல சார். ஓட்டை போயிருக்கு. அச்சு நிக்கிற ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருச்சு. அதான் கியர் சாயுது. நுனிப்பல்லுல மட்டும் கடிக்குது. நீங்க எத்தன கியர் மாத்தினாலும் அது தின்னுக்கிட்டேதான் இருக்கும். அதுவுமில்லாம, பழசோட புதுச சேக்கக் கூடாது. கடிக்கிற ரெண்டையும் ஜோடியா மாத்தணும்.”

பையன் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தான். தன் தந்தையை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் அவர் அந்தப் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றார். நல்ல நிலையில் இருந்த மறுபக்கப் பெட்டியின் தகட்டைத் திருப்பி மேலே பொருத்தி, அதன் துளையையே வழிகாட்டியாகக் கொண்டு, தேய்ந்த துளையை 4 மில்லிமீட்டருக்கு நேராகத் துளைத்தார். 3 மில்லிமீட்டர் உட்துளை கொண்ட பித்தளைக் குழாயில் சிறு துண்டு அறுத்து அதில் இறுக்கிச் செருகினார். அச்சு ஆடாமல் நின்றது. புதிய இணைச் சக்கரங்கள் வரும்வரை, கடைசியில் உள்ள தட்டைச் சக்கரத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். டாங்கி பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுவதால் பற்களின் ஒருபக்கம்தான் தேய்கிறது; திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலை செய்யும். இவ்வளவு எளிய உண்மை எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை அறிவியல் கழகத்திற்கு வந்து பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுமாறு அவரை அழைத்தேன். நீண்ட நேரம் தயங்கினார். “எனக்குப் பேச வராது சார்” என்றார். ஆயினும் வந்தார். மின்னோடியின் சிறிய சக்கரத்திற்கும் அடுத்த சக்கரத்திற்கும் இடையில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகி, திருகாணிகளை இறுக்கி, பிறகு தாளை உருவியெடுத்தார். தாளின் கனம்தான் பற்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளி. அதற்கு மேல் இறுக்கினால் மின்னோடி திணறும், தளர்த்தினால் பல் முறியும் என்று சொன்னார். நெகிழிக்கு ஏற்ற கிரீசை மிகச் சிறிதளவே தடவினார். ஒருமணி நேரம் இருந்துவிட்டு, தேநீர்கூட அருந்தாமல் வேலைக்குப் போய்விட்டார். டாங்கி இன்றும் ஓடுகிறது.

இனி நான் சொல்ல விரும்பும் கருத்துக்கு வருகிறேன்.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் நாட்டளவிலும் அனைத்துலக அளவிலும் பதக்கங்கள் வென்று வருகிறார்கள். அது நமக்குப் பெருமையே. ஆனால் புத்தாக்கத்திற்குப் பதக்கம் உண்டு. பழுதுபார்ப்புக்குப் பதக்கம் இல்லை. போட்டிக்காக வாங்கிய எந்திர மனிதப் பொருள்கள் போட்டி முடிந்ததும் என்னவாகின்றன? எங்கள் பள்ளியின் பொருளறையில் அப்படி இரண்டு பெட்டிகள் தூங்குகின்றன. ஒன்றில் ஒரு பற்சக்கரம்தான் உடைந்திருக்கிறது. அதற்குப் பொறுப்பாக இருந்தவன் நானே. “கெட்டுவிட்டது” என்று பதிவேட்டில் எழுதியதோடு என் கடமை முடிந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். ஏன் கெட்டது என்று மாணவர்களை ஆராயச் சொல்லியிருந்தால், அந்த உடைந்த பெட்டி புதிய பெட்டியைவிட நல்ல பாடநூலாக இருந்திருக்கும்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1974ஆம் ஆண்டிலேயே பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள தொலைக்கட்டுப்பாட்டு ஷெர்மன் டாங்கியை வெளியிட்டது. அதை வாங்கியவர் தாமே துண்டு துண்டாகக் கோத்துக் கட்ட வேண்டும். கட்டத் தெரிந்தவருக்குக் கழற்றவும் தெரியும். கழற்றத் தெரிந்தவர் பழுதைக் கண்டு அஞ்சுவதில்லை. இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முழுதாகக் கட்டி முடித்தவை. பெட்டியைத் திறந்தவுடன் ஓடும். நின்றுவிட்டால் குப்பைக்குப் போகும். பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு ஒருமுறைகூட வாய்ப்பதில்லை.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கிறேன். சக்கரம் தேய்ந்தது என்று சக்கரத்தை மட்டும் மாற்றிய என் செயலைத்தானே நாம் வகுப்பறையிலும் செய்கிறோம்? மாணவன் வாசிப்பில் பின்தங்கினால் இன்னொரு பயிற்சித்தாள் கொடுக்கிறோம். அதுவும் பயனளிக்காவிட்டால் வேறொரு பயிற்சித்தாள். அச்சு நிற்கும் துளை எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. அது வீட்டுச் சூழலாக இருக்கலாம், கண்பார்வையாக இருக்கலாம், இரண்டாம் ஆண்டில் விட்டுப்போன ஓர் எழுத்தாகவும் இருக்கலாம். நோயோடு நோயின் மூலத்தையும் ஆராயச் சொல்கிறார் வள்ளுவர். அதைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் நாமே அதைக் கடைப்பிடிக்கத் தவறுகிறோம்.

சிலர் எழுப்பக்கூடிய மறுப்புகளையும் நான் அறிவேன்.

“பள்ளியில் போர்க்கருவியா?” என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்கள் இருப்பது பேராக் மாநிலம். 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பதினோராவது இந்தியப் படைப்பிரிவின் அரண்களை உடைத்துக்கொண்டு சென்றன. அதன் பிறகு வந்த ஆட்சியில்தான் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள். எனவே டாங்கி எனக்கு வெறும் பொம்மை அன்று. முதல் நாளே அதன் மேற்பகுதியைப் பீரங்கியோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டேன். எங்கள் மேசைக்கு வந்தது பற்சக்கரப் பெட்டி மட்டுமே. அந்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். டாங்கி வேண்டாமென்றால் பொம்மை லாரி போதும். மின்விசிறி, தையல் எந்திரம், மிதிவண்டி எதுவாயினும் சரி. பாடம் பற்சக்கரத்தில்தான் இருக்கிறது.

“நேரம் ஏது?” என்பது அடுத்த கேள்வி. 2021ஆம் ஆண்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு அகற்றப்பட்டபோது, இனித் தேர்வுக்காக மட்டும் கற்பிக்க வேண்டியதில்லை என்று மகிழ்ந்தோமே; அப்போது மிஞ்சிய நேரத்தை மீண்டும் பயிற்சித்தாள்களே விழுங்கிவிட்டன அல்லவா? வாரம் ஒருமணி நேரம், புறப்பாட நடவடிக்கை வேளையிலேயே இதைச் செய்ய முடியும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

“புதிது வாங்கினால் முடிந்ததே” என்பார் சிலர். புதிய டாங்கி சில நூறு ரிங்கிட். நாங்கள் மாற்றிய பற்சக்கரங்களுக்கும் பித்தளைக் குழாய்க்கும் சேர்த்து முப்பது ரிங்கிட்கூட ஆகவில்லை. ஆனால் பணக்கணக்கு முதன்மையன்று. பழுதானதைத் தூக்கி எறிந்தே பழகிய பிள்ளை, கடினமான கணக்கையும் கசந்த நட்பையும் அப்படியே எறியக் கற்றுக்கொள்கிறது என்பதே என் கவலை.

ஆசிரிய நண்பர்களுக்குச் சில பரிந்துரைகள். பள்ளியின் பொருளறையில் கிடப்பவற்றில் ஒன்றை எடுத்து வகுப்பில் திறந்து பாருங்கள். கழற்றும் ஒவ்வொரு பகுதியையும் வரிசையாகக் கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். திருகாணிகளை முட்டைத் தட்டில் எண்ணிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஏன் பழுதானது என்று இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள். அது நல்ல தமிழ்க் கட்டுரையாகவும் அமையும். லித்தியம் மின்கலத்தை மின்னேற்றும் பணியை மட்டும் பெரியவர்களே செய்யட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மாணவர்களின் பெற்றோரில் யார் பட்டறையில், ஆலையில், தையற்கடையில் வேலை செய்கிறார்கள் என்று கேட்டறியுங்கள். 2009ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் தொடங்கிய ‘பழுதுபார்க்கும் கஃபே’ என்னும் முயற்சியில், ஊர்மக்கள் கெட்டுப்போன பொருள்களைக் கொண்டுவந்து, தெரிந்தவர்களோடு அமர்ந்து சரிசெய்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால், ஆண்டுக்கு இருமுறை அப்படியொரு சனிக்கிழமையை நம் பள்ளிகளிலும் நடத்தலாம். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும்தான் பெற்றோரை அழைக்க வேண்டுமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மருத்துவராகட்டும், வழக்கறிஞராகட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் அறுவை செய்யும் மருத்துவருக்கும் கைதான் கருவி. திருப்புளி பிடித்த கை படிப்பை மறந்துவிடாது. உங்கள் தொழிலைப் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். அந்தத் தந்தை பதினைந்து ஆண்டுகளாகக் கற்ற அறிவு, ஆசிரியனாகிய என்னிடம் இல்லை, பாடநூலிலும் இல்லை. ஆனால் தம்மிடம் இருப்பது அறிவு என்றே அவர் எண்ணவில்லை. அப்படி எண்ணவிடாமல் செய்ததில் பள்ளிக்கும் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

அந்த மாணவன் இப்போது ஆறாம் ஆண்டில் பயில்கிறான். படிப்பில் திடீரென்று முதலிடம் பிடித்துவிட்டான் என்று எழுதினால் அது கதையாகிவிடும். முன்பிருந்த இடத்தில்தான் இருக்கிறான். ஆனால் சென்ற மாதம் “என் தந்தை” என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, மற்றவர்கள் பாசத்தையும் தியாகத்தையும் எழுதினார்கள். அவன் மட்டும், தன் தந்தை கையால் அசைத்துப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிப்பார் என்று எழுதியிருந்தான். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தினேன்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு பொருள் கரகரவென்று ஒலித்தால், குப்பைத் தொட்டியைத் தேடுவதற்கு முன் திருப்புளியைத் தேடுங்கள். பிள்ளையையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.